ஒளியை விட்டு எழுத்துக்கு

நிலக்காட்சிகளில் பெயர் வாங்கிய கே.சி.எஸ். பணிக்கர் அவற்றையே உதறிவிட்டுப் போனார்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. பனைமரங்கள், காற்று, வெட்டவெளி வெயில். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். கிழக்கே போனால் கோவை. மேற்கே பாரதப்புழையோடு போனால் பொன்னானியில் கடல். பாலக்காட்டுக் கணவாயின் இந்த இரு பக்கங்களுக்கும் உரியவர் பணிக்கர். 1911ல் கோவையில் பிறந்தார்; சிறுவயதில் சில காலம் பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் வளர்ந்தார். அங்கிருந்த கால்வாயும் தென்னந்தோப்பும்தான் அவருடைய முதல் பாடம். 12 வயதிலேயே அவற்றை வரையத் தொடங்கிவிட்டார்.

ஆனால் குடும்பத்துக்குச் சோறு போட ஓவியம் போதவில்லை. தந்தித் துறையில் வேலை, பிறகு இன்ஷூரன்ஸ். சென்னை கலைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 25. முதல்வர் நாற்காலியில் இருந்தவர் மெரினாவின் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

பணிக்கரின் ஆரம்பகால நிலக்காட்சிகளில் இம்ப்ரஷனிஸ்டுகளின் சாயல் தெரியும். 1874ல் பாரிஸில் மோனேயும் நண்பர்களும் கண்காட்சி வைத்தபோது, விமர்சகர் ஒருவர் கேலியாகச் சூட்டிய பெயர் அது. ட்யூபில் அடைத்த வண்ணம் கடைக்கு வந்துவிட்டதால் அவர்களால் சுலபமாக வெளியில் போய் வரைய முடிந்தது. கோடு போட்டு உருவத்தை அடைப்பதை விட்டார்கள். நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் நீலமும் ஊதாவும் தீட்டினார்கள். மரத்தை அல்ல, மரத்தின் மேல் அந்த நேரத்தில் விழும் வெளிச்சத்தை வரைவதுதான் நோக்கம்.

கேரளத்து வெயிலுக்கு இந்த வித்தை பொருந்தியதில் வியப்பில்லை. அதிலும் நீர்வண்ணம் தயவு தாட்சண்யம் பார்க்காத ஊடகம். அதில் வெளிச்சம் என்பது பூசுவதல்ல, தாளை அப்படியே விட்டுவைப்பது. கை ஒருமுறை தவறினால் திருத்துவது கடினம். பணிக்கருக்கு அது கைவந்திருந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் விற்பனைக்கும் பாராட்டுக்கும் குறைவிருந்திருக்காது.

அவருக்கு உறுத்தியது வேறு. மண் நம்முடையது, அதைப் பார்க்கும் கண் யாருடையது? 1944ல் அவர் முன்னின்று தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கத்திலும் இந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. மேற்கைக் காப்பியடிக்கவும் கூடாது, அஜந்தாவுக்குத் திரும்பிப் போவதும் விடையல்ல. 1954ல் லண்டனில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1957ல் தான் படித்த பள்ளிக்கே முதல்வரானார். தேடல் மட்டும் ஓயவில்லை.

1963ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை பிறந்தது. ஆழமும் அடிவானமும் போயின. ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், மலையாளம் போலத் தோன்றும் எழுத்துகள் கேன்வாஸை நிறைத்தன. படித்துப் பொருள் தேடினால் ஏமாற்றம்தான். பழைய சுவடியைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். இன்று அவர் புகழ் இந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது. நியாயமான புகழ்தான். ஆனால் அதன் நிழலில் அந்த நீர்வண்ணங்கள் வெறும் பயிற்சி வேலைகளாகச் சுருக்கப்பட்டது அநியாயம்.

மாணவர்களின் பிழைப்புக்கும் வழி தேடினார் பணிக்கர். பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் 1966ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. 1977ல் அவர் காலமானார். இரண்டாண்டு கழித்துத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் கலைக்கூடம் திறந்தார்கள். எழுத்துகள் நிறைந்த பெரிய கேன்வாஸ்களோடு, வெயிலில் நனைந்த பழைய நாட்களின் வேலைகளுக்கும் அங்கே இடமுண்டு.