வீட்டில் ஒருவர் கைது செய்யப்பட்டால்

இடம்பெயர்ந்த காலத்தில் உங்கள் ஆவணங்கள் தொலைந்திருக்கலாம்; சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதிருக்கலாம். அதனால் உங்கள் உரிமை குறைவதில்லை.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. எந்தப் பொலிஸ் நிலையம், யார் கைது செய்தார், எத்தனை மணிக்கு என்பவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தால், 48 மணித்தியாலங்களுக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். தமிழில் விளக்கும்படி கேளுங்கள்.

எங்கே போகலாம்?

• மனித உரிமைகள் ஆணைக்குழு: யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு அலுவலகங்களில் முறையிடலாம். தொலைபேசி: 1996.

• சட்ட உதவி ஆணைக்குழு: வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும்.

நாளைக் கடத்த வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் கவனமாக வைத்திருங்கள்.