ஒர்க் ஷாப் சொல்லும் தொகை நியாயமானதா? பிரித்துக் கேட்டால் தெரியும்

காரை ஒர்க் ஷாப்பில் விட்டு வந்த சில மணி நேரத்தில் போன் வருகிறது. "கிளட்ச் போயிடுச்சு பாய். கூடவே சின்னச் சின்ன வேலையும் இருக்கு. மொத்தம் 18,000 ஆகும். செஞ்சிடலாமா?"

நம்மில் பலர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்றும் கேட்காமல் "சரி" என்கிறோம். அல்லது "ஏமாற்றுகிறார்" என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். முதலாவதில் குடும்பத்தின் பணம் வீணாகலாம். இரண்டாவதில், நேர்மையாக உழைக்கும் ஒருவர் மீது ஆதாரமில்லாமல் பழி விழலாம். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு நியாயமா அநியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பிரித்துக் கேட்ட பிறகுதான் எடைபோட முடியும்.

எந்த எஸ்டிமேட்டிலும் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: என்ன பழுது, எந்தப் பொருள், எவ்வளவு கூலி, எவ்வளவு வரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழுது என்னவென்று காட்டச் சொல்லுங்கள்

"பிரேக் பேட் மாற்ற வேண்டும்" என்றால் கழற்றிய பேடைக் காட்டச் சொல்லலாம். அதன் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுவது நியாயமே. நேரில் போக முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் போட்டோ கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஏசி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகும்" என்று சொல்வார்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்ந்துவிடுவதல்ல. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அளவு நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால், சில வாரங்களில் அதே பணத்தை மறுபடியும் கொடுக்க நேரிடும். "லீக் டெஸ்ட் செய்தீர்களா, எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு காரணமும் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரமாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் துரு சீக்கிரம் வரும். சைலன்சர், அடிப்பகுதி, பிரேக் டிஸ்க், ஏசி கண்டென்சர், பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர் ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். உள்ளூரில் இருக்கும் உறவினரின் கார் இதே வயதில் நன்றாக ஓடுகிறதே என்று ஒப்பிட்டு, மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் துரு பிடித்த இடத்தைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

பொருள்: யாருடையது, என்ன விலை?

ஒரே பாகம் மூன்று விதமாகக் கிடைக்கும். கார் கம்பெனியின் பெயரிட்ட பெட்டியில் வருவது ஒன்று. கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. இது பெரும்பாலும் தரமானது, விலையும் குறைவு. மூன்றாவது, போலி. எஸ்டிமேட்டில் "கிளட்ச் செட்" என்று மட்டும் இருந்தால், எந்தக் கம்பெனி என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். அதில் எல்லா வரிகளும் அடங்கியிருக்கின்றன. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. கணக்குக்காக ஒன்று: எம்.ஆர்.பி. 2,360 ரூபாய் உள்ள பாகத்துக்கு 18 சதவீதம் சேர்த்து 2,784 ரூபாய் 80 காசு கேட்டால், 424 ரூபாய் 80 காசு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

கார் பாகங்கள் பலவற்றுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரிப்பேர் கூலிக்கும் 18 சதவீதம்தான். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறிய ஒர்க் ஷாப் வரி வசூலிக்க முடியாது. வரி கேட்டால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் எண் 33 என்று தொடங்கும்.

கூலி: வேலையின் நேரத்தைக் கேளுங்கள்

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எனவே பாகத்தின் விலையோடு ஒப்பிட்டு "கூலி இவ்வளவா?" என்று கேட்பது பொருந்தாது. எத்தனை மணி நேர வேலை, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

சில சேர்க்கைகள் நியாயமானவை. கியர்பாக்ஸை இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினால், பிறகு அதே கூலியை இரண்டாவது முறை கொடுக்க வேண்டியதில்லை. பிரேக் பேடை இடது, வலது இரு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இவற்றைச் சொல்பவர் பில்லை ஏற்றுகிறார் என்று நினைக்கக் கூடாது.

எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் போன்றவை வேறு வகை. காருடன் வந்த ஓனர்ஸ் மேனுவலில் எத்தனை கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொன்னால், "இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் தள்ளிப்போடலாம்.

இரண்டு ஒர்க் ஷாப்புகளை ஒப்பிடும்போது ஒரே பாகம், ஒரே கம்பெனி, ஒரே வேலை என்று வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 14,000 சொல்பவர் பிளேட்டை மட்டும் மாற்றுகிறார், 18,000 சொல்பவர் முழு செட்டும் மாற்றுகிறார் என்றால் முதலாமவர் மலிவு என்று ஆகிவிடாது.

வெளியில் செய்தால் வாரண்டி போய்விடுமா?

இந்தப் பயத்தாலேயே பலர் கம்பெனி சர்வீஸ் சென்டர் சொல்லும் தொகையை அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு நுகர்வோர் 2011ல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸ், ரிப்பேர் விவரங்கள் ஆகியவை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. நம் மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டும் அந்த 14ல் ஒன்று. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

அந்த உத்தரவு ஒரு கொள்கையைத் தெளிவாகச் சொன்னது: வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எது பழுதானதோ அதற்கு மட்டும் மறுக்கலாம். வாரண்டி காலத்தில் இருப்பவர்கள் வாரண்டி புத்தகத்தைப் படித்துவிட்டு, வெளியில் செய்த வேலைக்கு பில் வாங்கி வையுங்கள்.

பேச வேண்டியது வேலைக்கு முன்

வேலை முடிந்த பிறகு பேரம் பேசுவது நமக்குத்தான் பலவீனம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவின்படி, தன் திறமையால் ஒரு பொருளில் வேலை செய்தவர் கூலி வரும் வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஹனஃபி ஃபிக்ஹிலும் துணிக்குச் சாயம் போடுபவருக்கு இதே உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. வேலையும் கூலியும் தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்பது இஜாரா பாடத்தின் அடிப்படை. அந்தத் தெளிவு இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

எனவே வண்டியைப் பிரிக்கும் முன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: வேலைகளின் பட்டியல், பாகத்தின் கம்பெனியும் விலையும், கூலி, எத்தனை நாள், எவ்வளவு காலம் கியாரண்டி. "இதற்கு மேல் செலவு வந்தால் கேட்காமல் செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தகராறு வந்தால்

முதலில் ஒர்க் ஷாப் உரிமையாளரிடம் பேசுங்கள். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும், அது சுயதொழில் வாழ்வாதாரம் என்பதால், நுகர்வோராகவே கருதப்படுவார்.

இவ்வளவும் கேட்டுப் பார்த்து, சொன்ன தொகை சரி என்று தெரிந்தால், வேலை முடிந்த அன்றே இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். நேர்மையான ஒரு மெக்கானிக் கிடைத்தால், உறவினர்களுக்கும் அவரைச் சொல்லுங்கள்.