கட்டணம் கட்டினால் கடமை முடிந்ததா?

ஏழைக் குடும்பத்தில் அறிவுக் கூர்மையுள்ள பிள்ளை ஒன்று பிறந்து, நல்ல மதிப்பெண் பெற்று, உதவித்தொகையுடன் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஊரார் யாவரும் மகிழ்கிறோம். கட்டணத்திற்கு வழி பிறந்துவிட்டது; இனிப் படிப்பது பிள்ளையின் பொறுப்பு என்று எண்ணி அமைதியடைகிறோம். ஆயினும் வகுப்பறைக்கு வெளியே பெறவேண்டிய கல்வியும் ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிதல், கருத்தரங்கிற்குச் சென்று அறிஞரோடு உரையாடுதல், வேற்று நாட்டுப் பல்கலைக்கழகத்தைக் கண்டு வருதல் ஆகியவை அதனுள் அடங்கும். வசதியுள்ள வீட்டில் இச்செலவைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வர். உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைக்கு ஏற்பவர் யார்?

கும்பகோணத்து இளைஞர்

கணித மேதை இராமானுஜனின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகிறது. கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமக்குக் கிடைத்த உதவித்தொகையை அவர் இழந்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கி அவரை ஆய்வில் அமர்த்தியது.

அத்துடன் நின்றிருந்தால் அவர் கேம்பிரிட்ஜைக் கண்டிருப்பாரா? 1914-இல் அதே பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது; கப்பற் கட்டணத்தையும், குளிர் நாட்டிற்கேற்ற உடை முதலிய ஆயத்தச் செலவையும் தந்தது. அன்றியும், அத்தொகையில் ஒரு பகுதி கும்பகோணத்திலிருந்த அவருடைய குடும்பத்திற்குச் சேர ஏற்பாடாயிற்று. வழிச்செலவு, ஆயத்தச் செலவு, வீட்டுச் செலவு ஆகிய மூன்றையும் உதவியோர் எண்ணிப் பார்த்தனர். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி இராமானுஜனைத் தன் உறுப்பினராக்கியது.

மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகள்

இனி நம் கண்ணெதிரே உள்ள கல்வராயன் மலையை நோக்குவோம். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் என்று அழைக்கப்படினும் தமிழ் பேசுவோரே. ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976-இல்தான் முழுமையாக அரசின் நிருவாகத்திற்குள் வந்தது. எனவே பாட்டனும் தந்தையும் கல்லூரி கண்ட வீடு இங்கு மிக அரிது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் கல்லூரிகளை நோக்கி இறங்கி வருகின்றனர்.

அரசும் கை கொடுத்துள்ளது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் அளிக்கத் தொடங்கின. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 2024-இல் மாணவர் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்திற்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். மத்திய அரசு 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் உதவித்தொகையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அடிப்படை அறிவியல் பயில்வோர்க்கு ஆண்டிற்கு 80,000 ரூபாய் என வகுத்து, அதில் 20,000 ரூபாயைக் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கினர். நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுகூடி நடத்தும் கோடை ஆய்வுப் பயிற்சியும் உண்டு. தேர்வு பெற்றோர்க்கு இரண்டு மாதங்களுக்கு உதவித்தொகையும் இரயில் கட்டணமும் தரப்படுகின்றன.

வாய்ப்பு இருந்தும் தடை எங்கே?

முதல் தடை, செய்தி எட்டாமை. கோடைப் பயிற்சிக்கு முந்திய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. இரண்டாவது, முன்பணம். பயணத்திற்கும் தங்குவதற்கும் முதலில் கைப்பணம் வேண்டும். திரும்பப் பெறுவது பின்னர்தான். மூன்றாவது தடையே பெரிது. மலைக் குடும்பங்கள் பல, கேரளத்திற்கும் குடகிற்கும் சென்று மிளகு, காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்து பிழைக்கின்றன. விடுமுறையில் மகன் ஈட்டும் இரண்டு மாதக் கூலி அவ்வீட்டின் அடுப்பெரிய உதவுகிறது. அக்கூலியை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்திற்குச் செல் என்றால், அவன் மனம் எங்ஙனம் துணியும்?

“பள்ளிக் கட்டணத்திற்கே வழியற்ற பிள்ளைகள் பலர் இருக்க, ஒருவனுடைய பயணத்திற்குச் செலவிடுவது முறையா?” எனச் சிலர் வினவலாம். நேர்மையான வினாவே. பள்ளிக் கட்டண நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் ஆகாது. இதற்கெனத் தனி நிதி வேண்டும். எனினும், ஆய்வுக்கூடத்தில் உழைத்துத் திரும்பும் பிள்ளை பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையையும் மேற்படிப்பிற்கான வழியையும் பெற்று வருகிறது. அவ்வழியைத் தன் ஊரின் இளையோர்க்கும் அதுவே காட்டும்.

நம்மால் இயன்றவை

பங்குதோறும் சிறியதொரு சுழல்நிதியை ஏற்படுத்தலாம். புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் போன்றோர் பொறுப்பேற்றுப் பயணத்திற்கு முன்பே பணம் கொடுத்து, அரசுத் தொகை வந்தபின் திரும்பப் பெற்று, அடுத்த பிள்ளைக்கு வழங்கலாம். வீட்டிற்கு இழப்பாகும் கூலியை மட்டும் திரும்பக் கேளாத கொடையாகவே அளித்தல் வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் உறவினர் உடைய குடும்பத்தார் தங்குவதற்கு இடம் தேடித் தரலாம். நம்மிடையேயுள்ள ஆசிரியர்கள் விண்ணப்ப நாட்களைக் குறித்து வைத்து, உரிய காலத்தில் மாணவரைத் தேடிச் சென்று கூறலாம். எச்சமயத்தைச் சார்ந்த பிள்ளையாயினும் வேறுபாடு காட்டலாகாது.

இன்னுமொன்று. உதவி பெற்ற பிள்ளையை மேடையில் நிறுத்தி நன்றி கூறச் செய்வதும், படம் பிடித்துப் பரப்புவதும் வேண்டா. தகுதியினால் பெற்றதைத் தலைநிமிர்ந்து பெறட்டும்.

இவ்வாண்டின் இறுதிக்குள், நம் பங்கில் கல்லூரி செல்லும் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர், வரும் கோடையை அவர்கள் எங்கே கழிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டறியுமாக. தோட்டத்திற்குக் கூலியாகச் செல்லவிருக்கும் ஒரு பிள்ளையை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப இயலுமாயின், நம் நிதி தன் முதற்பயனைத் தந்துவிட்டதெனக் கொள்வோம்.