20 சதவீதப் புரதம்: மூட்டையில் இருப்பது மடிக்கு வருமா?

பிசான நெல் அறுவடை முடிவதற்குள் வைக்கோல் வாங்கிப் படப்பு போட்டாக வேண்டும். தீவன மூட்டைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை வாசகர்கள் எழுதிக் கேட்பது ஒன்றுதான்: "புரதம் அதிகமுள்ள தீவனம் போட்டும் பால் கூடவில்லையே, ஏன்?"

மூட்டையில் அச்சிட்டிருக்கும் 'கச்சாப் புரதம்' புரதத்தை அளந்து சொன்னதல்ல. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அந்த நைட்ரஜன் புண்ணாக்கிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. 46 சதவீதம் நைட்ரஜன் உள்ள யூரியா ஒரு கிலோ இருந்தால், அது காகிதத்தில் 2.87 கிலோ புரதம். கலப்புத் தீவனத்தில் 1 சதவீதம் வரை யூரியா சேர்க்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் இடம் கொடுக்கிறது. ஆக, 20 என்ற எண்ணில் ஏறக்குறைய 3 இப்படி வந்ததாக இருக்கலாம். விதிப்படி அது தவறும் இல்லை.

யூரியா முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் யூரியாவையும் தீவனப் புரதத்தில் பெரும்பகுதியையும் அம்மோனியாவாக உடைத்து, அதைக்கொண்டு தங்கள் உடலை வளர்க்கின்றன. பிறகு குடலுக்கு இறங்கி அவையே மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆனால் அவை வளர எரிசக்தி வேண்டும், அதுவும் அம்மோனியா இருக்கும் அதே நேரத்தில். மக்காச்சோளம், கம்பு, நொய் போன்றவை அதைத் தரும். வைக்கோல் மெதுவாகத்தான் தரும். வைக்கோலோடு கடலைப் புண்ணாக்கை மட்டும் கொடுத்தால், மிஞ்சும் அம்மோனியா ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. அந்த வேலைக்கும் மாட்டின் சக்திதான் செலவாகிறது. காசு கொடுத்து வாங்கிய புரதம் தொழுவத்துச் சாக்கடையில் போகிறது.

அந்தத் தானியங்களின் மாவுச்சத்திலிருந்து கல்லீரல் வழியே கிடைக்கும் குளுக்கோஸ்தான் பாலின் சர்க்கரையாகி மடிக்குள் நீரை இழுக்கிறது. பால் எத்தனை லிட்டர் என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவுசெய்கிறது.

மற்ற கேள்விகள்:

புண்ணாக்கே வேண்டாமா? வேண்டும், வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான்.

பாலில் கொழுப்பு குறைகிறதே? நார் போதவில்லையா என்று பாருங்கள்.

எஸ்.என்.எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) குறைகிறதே? பல நேரம் எரிசக்திப் பற்றாக்குறைதான்.

மீந்த சோறு, கஞ்சி? அதிகம் வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து.

யூரியாவை வீட்டில் கலக்கலாமா? கூடாது, அளவு தப்பினால் மாடு செத்துவிடும்.

யாரிடம் கேட்பது? ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில்.

மூட்டையில் என்ன அச்சிட வேண்டும்? புரதம் 20 என்பதோடு, அதில் யூரியாவின் பங்கு எவ்வளவு, எரிசக்தி எவ்வளவு என்பதையும் அதே பெரிய எழுத்தில்.