ஈரம் பட்டால் போச்சு

“கோடை லீவில் பிள்ளைகளோடு ‘பாத் பாம்’ செய்யலாமா? வெடித்துத் தொலைக்காதே?” என்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான பயம். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாம் என்றாலே அந்தப் பக்கம் வயிறு கலங்கத்தான் செய்யும்.

பாத் பாம் என்பது குளிக்கும் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் உருண்டை. இதில் வெடியுப்பு இல்லை, கந்தகம் இல்லை, தீயும் இல்லை. எல்லாம் மளிகைச் சாமான். ஆப்பசோடா 21 கிராமுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 16 கிராம் என்பது வேதியியல் கணக்கு. குளிப்பதற்கென்றால் சோடாவை 30 கிராமாக்குங்கள். புளிப்பு மிஞ்சினால் தோல் எரியும். கொஞ்சம் சோளமாவு சேர்த்து, தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசிறி, உருட்டிக் காயவிட்டால் முடிந்தது.

வரலாறும் அவ்வளவுதான்: லஷ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன், நுரைத்துக் கரையும் அல்கா-செல்ட்சர் மாத்திரையைப் பார்த்து 1989-ல் இங்கிலாந்தில் செய்தது. ஈனோ குடித்தவர்கள் அசரமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இரண்டு பொடியும் உலர்ந்திருக்கும்வரை ஒரே கிண்ணத்தில் கிடந்தாலும் முகம் பார்க்காது; பேச்சுவார்த்தை அறுந்த சம்பந்தி வீடுகள். தண்ணீர்தான் கல்யாணத் தரகர். சிட்ரிக் அமிலம் மூன்று பெண்களைப் பெற்ற வீடு. கொடுப்பதற்கு மூன்று ஹைட்ரஜன் அயனிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஆப்பசோடாவின் ஒரு பைகார்பனேட்டைக் கைப்பிடிக்கிறது. பிறக்கும் கார்பானிக் அமிலம் உடனே உடைய, கார்பன் டை ஆக்சைடு கோபித்துக்கொண்டு பந்தலைவிட்டுக் கிளம்புகிறது. மிஞ்சுவது ஒரு தண்ணீர் மூலக்கூறு. அதாவது, இன்னொரு தரகர்! அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போகிறார். பிசையும்போது ஒரு சொட்டு ஈரம் கூடினாலும் உருண்டை பொருபொருவென்று வீங்குவது இவர்கள் பெருகுவதால்தான்.

உருண்டை நுரைக்கும்போது பிள்ளைகளை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். பட்டாசு வெப்பத்தைக் கொட்டுகிறது; இது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஆனால் ஈரம் இரண்டுக்கும் ஆகாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த பட்டாசு மருந்து ஈரத்தோடு கிடந்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய வேதியியல் இது.

‘உடம்பின் நச்சை உறிஞ்சும்’ என்று அட்டையில் அச்சடித்து விற்பதை நம்ப வேண்டாம். நுரை அடங்கியபின் தண்ணீரில் இருப்பது சோடியம் சிட்ரேட், மிச்சச் சோடா, மாவு, எண்ணெய். எந்த நச்சும் இவற்றைக் கண்டு ஓடாது. குளியல்தொட்டியும் தேவையில்லை, தண்ணீருக்கு அலையும் மாவட்டத்தில் ஒரு சொம்பே தாராளம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த ஓர் உருண்டை ஏறக்குறைய 6 லிட்டர் வாயுவைக் கக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டு மூடியைத் திருகினால், உங்கள் பயம் பலித்துவிடும்.