கினிப் பன்றி வளர்ப்போர் கடமை

பட்டுப் போன்ற மயிர், குட்டையான கால்கள், வால் இல்லாத உருண்டை உடல், கீரை நறுக்கும் ஓசை கேட்டதும் எழுப்பும் 'வீக், வீக்' என்னும் குரல் ஆகியவற்றால் காண்போர் மனத்தைக் கவரும் சிறு விலங்கு கினிப் பன்றி. தமிழில் இதனைச் சீமைப் பெருச்சாளி என்றும் கூறுவர். பெயரில் பன்றி இருப்பினும் இது பன்றி இனத்தைச் சார்ந்தது அன்று. எலியையும் அணிலையும் போன்ற கொறிக்கும் விலங்கு ஆகும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே இதன் தாயகம். அங்கு வாழ்ந்த மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை உணவிற்காக வளர்க்கத் தொடங்கினர். பெரு நாட்டில் இன்றும் இதனைக் 'குய்' என்று அழைக்கின்றனர். 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவை அடைந்து செல்லப் பிராணியாயிற்று. இன்று இந்திய நகரங்களின் செல்லப் பிராணிக் கடைகளிலும் இதனைக் காணலாம்.

உணவு

கினிப் பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த புல்லை ஓயாது மெல்லுவதால்தான் அவை தேய்ந்து அளவோடு இருக்கின்றன. எனவே உலர்புல்லே இதன் முதன்மை உணவு. தூய குடிநீரும் எப்போதும் கிடைக்க வேண்டும்.

மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் தன் உடலில் வைட்டமின் சி சத்தை உருவாக்கிக்கொள்ள இயலாது. நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும் தானிய உணவை மட்டும் உண்ட கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் உண்டானதை 1907ஆம் ஆண்டு வெளியிட்டனர். நெடுங்காலம் கடலோடிகளை வாட்டிய அந்நோயின் காரணத்தை அறிய இச்சிறு விலங்கு உதவியது. குடைமிளகாய், கொத்துமல்லித் தழை, சிறு கொய்யாத் துண்டு முதலியன இச்சத்தைத் தரும். வெங்காயமும் பூண்டும் இதற்கு ஆகா.

உறைவிடம்

இது தனித்து வாழும் விலங்கு அன்று. துணையின்றி வளரும் கினிப் பன்றி சோர்ந்து போகும். சுவிட்சர்லாந்து நாட்டுச் சட்டம் இதனைத் தனியாக வளர்ப்பதற்கு இடந்தருவதில்லை. இரண்டு விலங்குகளுக்கு ஏறத்தாழ ஏழரைச் சதுர அடி பரப்புள்ள இடம் வேண்டும். கூண்டின் தளம் கம்பி வலையாக இருந்தால் பாதங்கள் புண்ணாகும்.

மலைக்குளிரில் தோன்றிய இவ்விலங்கு கடும் வெப்பத்தைத் தாங்காது. தில்லி, நாகபுரி, சென்னை போன்ற நகரங்களின் கோடைக்காலத்தில் இதனை மாடியிலோ வெயில் படும் பலகணியிலோ வைப்பது உயிருக்கே கேடாகும்.

இனப்பெருக்கமும் இடரும்

"இரண்டும் பெண்" என்று கடையில் சொல்லிக் கொடுக்கப்படும் இணையில் ஒன்று ஆணாக இருப்பதுண்டு. சில வாரங்களில் பெண் விலங்கின் வயிறு பருக்கும்போதே வீட்டார் உண்மையை அறிகின்றனர்.

கினிப் பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 60 முதல் 70 நாள்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். எலிக்குட்டிகளைப் போலக் கண்மூடிப் பிறவாமல் இவை திறந்த கண்களுடனும் மயிருடனும் பற்களுடனும் பிறக்கின்றன. பிறந்த சில நாள்களிலேயே புல்லையும் கொறிக்கின்றன. இவ்வளவு வளர்ந்த குட்டிகளைச் சுமப்பதும் ஈனுவதும் தாய்க்குப் பெருஞ்சுமையாகும்.

பெண் விலங்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மாத வயதிற்குள் ஒருமுறையும் ஈனாவிடில், அதன் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடக்கூடும். அதன்பின் முதன்முறையாகச் சினையுற்றால் குட்டி வெளிவர வழியின்றித் தாயும் சேயும் இறக்க நேரிடலாம். அறுவை மருத்துவம் செய்தாலும் பிழைக்கும் என்னும் உறுதி இல்லை. மிக இளம் வயதில் சினையுறுவதும் தாயின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினையுறும் தன்மை உடையது. ஆணும் பெண்ணும் பிரிக்கப்படாமல் இருந்தால், தாய் ஓய்வின்றி ஓராண்டில் நான்கைந்து முறை ஈனக்கூடும். ஈற்றுக்கு மூன்று குட்டிகள் எனக் கொண்டாலும், ஓராண்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து உயிர்கள் அவ்வீட்டில் பெருகும். ஆண் குட்டிகள் மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத் திறன் பெறத் தொடங்குவதால், அந்த வயதில் அவற்றைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண் குட்டிகளிடமிருந்தும் பிரித்தல் வேண்டும்.

நிறத்திற்காக இணைசேர்ப்பதிலும் இடர் உண்டு. வெள்ளை மயிரும் வண்ண மயிரும் கலந்த 'ரோன்' வகையில் இரண்டை இணைத்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் குறையுடையதாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளது. அத்தகைய குட்டிகள் வெண்ணிறமாய், பார்வையின்றி, பற்கள் கோணிப் பிறக்கின்றன. பல காது கேளாதவை. பெற்றோரின் மரபை அறியாமல் இணைசேர்ப்பதன் துன்பத்தைக் குட்டிகளே சுமக்கின்றன.

சட்டமும் பொறுப்பும்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் வகையில் விலங்கைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். அதன்கீழ் 2018இல் வெளியான செல்லப் பிராணிக் கடை விதிகள் கினிப் பன்றிக்கும் பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறாமல் இவற்றை விற்கும் கடையை நடத்துதல் கூடாது.

இருபாலையும் பிரித்தறிய விலங்கு மருத்துவரை அணுகுதல், ஒரே பாலின இணையை வளர்த்தல், தேவையெனில் ஆணுக்குக் கருத்தடை செய்தல் ஆகியன எளிய வழிகள். கினிப் பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். பிறக்கப்போகும் ஒவ்வொரு குட்டிக்கும் அத்தனை ஆண்டுகளுக்கு இடமும் உணவும் மருத்துவமும் தருபவர் யார் என்பதை முடிவுசெய்த பின்னரே ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடுதல் வேண்டும். அதற்கு விடை இல்லையெனில் இணைசேர்க்காமல் இருப்பதே அவ்விலங்கிற்குச் செய்யும் நன்மை.

சொற்பொருள்

சினை – விலங்கின் கருப்பம்
ஈற்று – குட்டி ஈனுதல்
பலகணி – சாளரம்
இடர் – துன்பம்

சிந்தித்து விடை எழுதுக

1. உலர்புல் கினிப் பன்றியின் முதன்மை உணவாக இருப்பது ஏன்?
2. ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகியோர் கண்டறிந்தது யாது?
3. ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரிப்பதன் காரணத்தை விளக்குக.
4. உன் நண்பன் தன் கினிப் பன்றிக்கு ஓர் ஆண் துணை வாங்க விரும்புகிறான். அப்பெண் விலங்கிற்கு வயது ஒன்றரை ஆண்டு. அது ஒருமுறையும் ஈன்றதில்லை. அவனுக்கு நீ கூறும் அறிவுரையைக் கடிதமாக எழுதுக.