ரெயிலில் உடைந்த ரகசியம்

1939-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி. சுவீடன் நாட்டுத் துறைமுகமான கோட்டன்பர்க்கில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. கப்பலின் பெயர் டிராட்னிங்ஹோம். போய்ச் சேர வேண்டிய ஊர், அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

அதில் இரண்டு சிநேகிதர்கள் ஏறினார்கள். இருவரும் விஞ்ஞானிகள்.

மூத்தவர் நீல்ஸ் போர். டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1922-ல் நோபல் பரிசு பெற்றவர். (நம் மொழியில் போர் என்றால் சண்டை. இவரோ பரம சாது!) அப்போது அவருக்கு வயது 53. இளையவர் லியோன் ரோசன்பெல்டு. பெல்ஜியம் நாட்டுக்காரர், வயது 34. போருக்கு ஆராய்ச்சியில் வலது கை போல இருந்தவர். போரின் மகன் எரிக்கும் கூட வந்தான்.

பிரின்ஸ்டன் என்ற ஊரில் சில மாதம் தங்கி ஆராய்ச்சி செய்வது போரின் ஏற்பாடு. அதற்கிடையே, அந்த மாதக் கடைசியில் வாஷிங்டன் நகரில் விஞ்ஞானிகள் மகாநாடு ஒன்றும் இருந்தது.

கப்பலில் ஏறும்போது போரின் மனதில் ஒரு ரகசியம் இருந்தது.

அத்தையும் மருமகனும்

அது என்ன ரகசியம்? சில நாள் பின்னே போக வேண்டும்.

லிசே மைட்னர் என்ற பெண் விஞ்ஞானி, ஜெர்மனியில் ஆட்டோ ஹான் என்பவருடன் பல ஆண்டு ஆராய்ச்சி செய்து வந்தார். அவர் யூத குலத்தில் பிறந்தவர். இட்லர் ஆட்சியில் இருக்க முடியவில்லை. 1938-ல் தப்பி ஓடி, சுவீடனில் தஞ்சம் புகுந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஹானிடம் இருந்து கடிதம் வந்தது. யுரேனியத்தின் மீது நியூட்ரான் என்னும் நுண்துகளை ஏவியபோது, பேரியம் என்ற வேறு பொருள் கிடைத்ததாம். பேரியத்தின் எடை யுரேனியத்தில் பாதிக்குச் சற்று அதிகம். பூசணிக்காயைக் கல்லால் அடித்தால் இரண்டு மாங்காய் விழுந்தது போன்ற கதை! ஹானுக்கு விளக்கம் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மைட்னரைப் பார்க்க அவருடைய சகோதரி மகன் ஆட்டோ பிரிஷ் வந்திருந்தார். அவரும் விஞ்ஞானி, கோபன்ஹேகனில் போரின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். இருவரும் பனியில் உலாவப் போனார்கள். ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, காகிதத் துண்டில் கணக்குப் போட்டார்கள்.

தண்ணீர்த் துளி ஒன்று நீண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். அணுவின் கருவும் அப்படித்தான் பிளந்திருக்கிறது. பிளக்கும்போது சிறிது எடை மறைந்து பெரும் சக்தியாக வெளிப்படுகிறது. இதுதான் அவர்கள் கண்ட முடிவு.

பிரிஷ் ஊர் திரும்பியதும் போரிடம் சொன்னார். போர் தம் நெற்றியிலேயே அடித்துக் கொண்டார். இது இத்தனை நாள் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வியந்தார். நீங்கள் கட்டுரை எழுதி அனுப்பும் வரை நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார்.

கப்பலில் கரும்பலகை

போரின் அறையில் கரும்பலகை ஒன்று மாட்டப்பட்டது. வழி நெடுகக் கடல் கொந்தளிப்பு. போருக்கு வயிற்றைப் புரட்டிக் கொண்டே இருந்தது. ஆனாலும் சாக்குக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. அணு ஏன் பிளக்கிறது, எப்படிப் பிளக்கிறது என்று இருவரும் எழுதினார்கள், அழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். அமெரிக்கக் கரை தெரியுமுன் விஷயம் விளங்கிவிட்டது.

எல்லாம் சொன்ன போர், ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார். பிரிஷுக்குக் கொடுத்த வாக்கைத்தான்!

ஜனவரி 16-ந் தேதி கப்பல் நியூயார்க் வந்தது. துறைமுகத்தில் என்ரிகோ பெர்மி வரவேற்றார். இத்தாலியில் இருந்து குடும்பத்தோடு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 1934-லேயே யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கிப் பார்த்தவர் அவர். ஆனால் அது பிளந்ததை அறியவில்லை. அப்படிப்பட்டவரிடம் கூட போர் வாயைத் திறக்கவில்லை.

போர் அன்று நியூயார்க்கில் தங்கினார். ரோசன்பெல்டு மட்டும், ஜான் வீலர் என்ற இளம் பேராசிரியருடன் பிரின்ஸ்டனுக்கு ரெயில் ஏறினார். வழியில் பேச்சு வந்தது. ரோசன்பெல்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்று இரவு பிரின்ஸ்டனில் விஞ்ஞானிகள் கூடும் வழக்கம் உண்டு. வீலர் அங்கேயும் அவரைப் பேச வைத்தார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

செய்தி அறிந்த போர் துடித்துப் போனார். வேறு யாராவது அவசரமாகச் சோதனை செய்து, பெயரைத் தட்டிக்கொண்டு போனால் மைட்னரின் கதி என்ன? நாட்டை இழந்து நிற்கும் பெண்மணி. பிரிஷோ பிழைக்க வேண்டிய இளைஞர். உடனே, பெருமை அவர்கள் இருவருக்கே என்று விளக்கி, லண்டன் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார்.

ரோசன்பெல்டு மீது குற்றம் சொல்ல முடியுமா? ஒன்பது நாள் பூட்டிய அறையில் கூட இருந்தவரிடம், இது வெளியே போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவர்களுக்கும் இந்த மறதி உண்டு.

குளிரைப் பேச வந்தவர்கள்

ஜனவரி 26-ந் தேதி. வாஷிங்டன் மகாநாடு கூடியது. அந்த ஆண்டு அவர்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடுங்குளிர்! குளிரில் பொருள்கள் என்ன ஆகின்றன என்று பேசக் கூடியிருந்தார்கள்.

ஹானின் கட்டுரை ஜெர்மனியில் அச்சாகிவிட்டது என்பது தெரிந்ததும், இனி மறைத்துப் பயன் இல்லை என்று போர் எழுந்தார். அணு பிளந்த செய்தியைச் சொன்னார். அவருக்குப் பின் பெர்மி பேசினார். குளிரை யார் நினைப்பார்கள்? சிலர் தங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கே ஓடினார்கள். 28-ந் தேதி இரவு, அதே நகரில், கண் முன்னே சோதனை நடந்தது. போர், ரோசன்பெல்டு, பெர்மி, பையன் எரிக் எல்லோரும் பார்த்தார்கள்.

பிப்ரவரியில் இன்னொரு சம்பவம். பிரின்ஸ்டனில் காலைச் சிற்றுண்டி நேரம். இன்னொரு விஞ்ஞானி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். போர் பேச்சை நிறுத்தினார். எழுந்து நடந்தார். ரோசன்பெல்டு கூடவே போனார்; ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. சிநேகிதரின் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

அறைக்குப் போனதும் போர் கரும்பலகையில் எழுதினார். மெதுவான நியூட்ரானால் எளிதில் பிளப்பது யுரேனியத்தில் ஒரு சிறு பகுதிதான், அதாவது யுரேனியம் 235. ஆயிரம் பங்கில் ஏழு பங்குதான் அது இருக்கிறது.

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு, அந்தச் சிறு பங்கைப் பிரித்தெடுத்துச் செய்ததே. மைட்னர் அந்தக் குண்டு வேலைக்கு வர மறுத்துவிட்டவர்.

நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே கிடைத்தது. மைட்னருக்குக் கிடைக்கவில்லை. 1997-ல், 109-வது மூலகத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் வைத்தார்கள். அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1968-லேயே காலமாகிவிட்டார்.

போருக்கும் ரோசன்பெல்டுக்கும் இடையே அந்த ரெயில் பேச்சால் மனஸ்தாபம் எதுவும் நிற்கவில்லை. போர் 1962-ல் இறக்கும் வரை நட்பு நீடித்தது. ரோசன்பெல்டு கடைசிக் காலத்தில் கோபன்ஹேகனுக்கே குடிவந்து, 1974-ல் அங்கேயே கண் மூடினார்.